சமூகக் காப்புறுதியும் உழைப்பாளர் உரிமையும்: பிரித்தானிய வரலாறு பற்றியதொரு நோக்கு

கூலியை மட்டுமே நம்பி வாழும் ஒருவனுக்கு நோயும் முதுமையும் விபத்தும் வேலையின்மையும் வெறுந் துன்பங்கள் அல்ல; அவை வருமானத்தின் முடிவாகும். நிலத்தையும் சுற்றத்தையும் சார்ந்திருந்த பழைய வேளாண் சமுதாயத்தில், இயலாதவரைத் தாங்குங் கடமை குடும்பத்தின் மேலும் ஊரின் மேலும் விழுந்தது. கைத்தொழிற் புரட்சி அப்பிணைப்பைத் தளர்த்தியது. தொழிற்சாலை வாயிலில் நாளாந்தம் தன் உழைப்பை விற்றவன், விற்க இயலாத நாளில் வெறுங்கையனாய் நின்றான். அந்நாளில் அவனுக்கு உணவளிப்பார் யார் என்பது ஒரு வினா. எந்த உரித்தின் பேரில் அவன் அதனைக் கேட்கலாம் என்பது மற்றொரு வினா. உழைப்பவரின் ஊதியத்திலிருந்து ஒழுங்காகப் பங்களிப்பு அறவிட்டு, அதனைக் கொண்டு அரசு கொடுப்பனவு வழங்கும் சமூகக் காப்புறுதி முறை, இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே விடை காண முற்பட்டது. அம்முயற்சி எவ்வளவுக்கு வெற்றி பெற்றது என்பதைப் பிரித்தானிய வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1834 ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத் திருத்தமே இவ்வரலாற்றின் பின்னணியாகும். நிவாரணம் பெறுவோனின் நிலை, மிகக் குறைந்த கூலிக்கு உழைப்போனின் நிலையிலும் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. உதவி வேண்டுவோர் தொழிலில்லம் எனப்பட்ட ஏழை விடுதியுட் புக வேண்டும். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டனர். ஏழை நிவாரணம் பெற்றவன் வாக்குரிமையையும் இழந்தான். இத்தடை 1918 வரை முற்றாக நீங்கவில்லை. உதவி உண்டு, ஆனால் மானத்தை விலையாகக் கொடுத்தே அதனைப் பெறலாம் என்பதே இவ்வேற்பாட்டின் சாரம் எனலாம்.

இவ்விழிவுக்கு அஞ்சிய தொழிலாளர் தமக்குள்ளே வேறொரு வழியைக் கண்டனர். நட்புறவுச் சங்கங்கள் எனப்பட்ட பரஸ்பர உதவிச் சங்கங்களில் வாரந்தோறும் சில பென்ஸ் செலுத்தி, நோயுற்ற காலத்தில் உதவி பெற்றனர். தொழிற்சங்கங்கள் சிலவும் வேலையற்ற அங்கத்தவருக்குப் பணம் வழங்கின. ஆயின், ஒழுங்காகச் சந்தா செலுத்தும் ஆற்றல் ஓரளவு நல்ல கூலி பெற்ற தேர்ச்சியுள்ள தொழிலாளருக்கே இருந்தது. துறைமுகத்தில் நாட்கூலிக்கு நின்றவனும் வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்த பெண்ணும் அச்சங்கங்களின் வாயிலை எட்டவில்லை. எனினும், முன்னர் செலுத்தியவன் பின்னர் தலைநிமிர்ந்து கேட்கலாம் என்னும் எண்ணம் உழைப்பாளர் மத்தியில் வேரூன்றுவதற்கு இச்சங்கங்களே காரணமாயின.

அவ்வெண்ணத்தை அரசின் சட்டமாக்கிய முதல் நாடு ஜேர்மனி. 1878 இல் சமவுடைமைவாதிகளை அடக்கச் சட்டமியற்றிய பிஸ்மார்க், ஒடுக்குமுறையால் மட்டும் தொழிலாளரை அரசின்பால் ஈர்க்க முடியாதென உணர்ந்தார். 1883 இல் நோய்க் காப்புறுதியும், 1884 இல் விபத்துக் காப்புறுதியும், 1889 இல் முதுமை, இயலாமைக் காப்புறுதியும் சட்டமாயின. நோய்க் காப்புறுதிக்கான பங்களிப்பில் மூன்றில் இரண்டைத் தொழிலாளரும் ஒன்றைத் தொழில்தருநரும் ஏற்றனர். விபத்துக் காப்புறுதியின் சுமை தொழில்தருநரையே சார்ந்தது. முதுமைக் காப்புறுதிக்கு இரு சாராரும் சமமாகச் செலுத்த, ஒவ்வோர் ஓய்வூதியத்துக்கும் ஆண்டொன்றுக்கு 50 மார்க் அரசு சேர்த்தது. ஓய்வூதிய வயது 70 ஆகும். அவ்வயதை எட்டிய தொழிலாளர் அந்நாளில் மிகச் சிலரே என்பதை மறத்தலாகாது.

பிரித்தானியா தொடக்கத்தில் வேறு பாதையையே தேர்ந்தது. 1908 இல் தாராண்மைக் கட்சி அரசாங்கம் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் எவரிடமும் பங்களிப்புக் கேட்கவில்லை. 70 வயதை அடைந்த வறியோருக்கு வாரமொன்றுக்கு 5 சிலிங் வரை, பொது வரியிலிருந்து, தபாலகத்தின் ஊடாக வழங்கப்பட்டது. 1909 சனவரி 1 இல் இது நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் முதியோர் அதற்கு உரித்துடையோராயினர். ஏழைகள் சட்டத்தை நாட மறுத்துப் பசியோடிருந்தோர் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதை இந்த எண்ணிக்கை வெளிப்படுத்தியது. அதே வேளையில் திறைசேரியின் செலவும் உயர்ந்தது. அச்செலவை ஈடுசெய்யச் செல்வந்தர் மீது புதிய வரிகளை விதித்த 1909 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் பிரபுக்கள் சபையுடன் பெரும் மோதலை விளைவித்தது. நோய்க்கும் வேலையின்மைக்கும் வரிப்பணத்தையே நம்புவது அரசியலில் எளிதன்று என்பது புலனாயிற்று. 1908 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஜேர்மனிக்குச் சென்று அந்நாட்டு முறையை நேரிற் கண்டு வந்த நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ், பங்களிப்பு முறையின் பக்கம் திரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1911 ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. முதலாம் பகுதி நோய்க் காப்புறுதி பற்றியது. ஆண் தொழிலாளி வாரத்துக்கு 4 பென்ஸ் செலுத்தத் தொழில்தருநர் 3 பென்ஸும் அரசு 2 பென்ஸும் சேர்த்தனர். நாலு பென்ஸுக்கு ஒன்பது பென்ஸ் என லொயிட் ஜோர்ஜ் இதனை மக்களிடையே பரப்பினார். நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 சிலிங்கும் பெண்ணுக்கு 7 சிலிங் 6 பென்ஸும், மகப்பேற்றுக்கு 30 சிலிங்கும், மருத்துவரின் சேவையும் கிடைத்தன. இரண்டாம் பகுதி வேலையின்மைக் காப்புறுதி பற்றியது. கட்டட நிர்மாணம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய தளம்பல் மிக்க தொழில்களில் ஈடுபட்ட ஏறத்தாழ 22½ இலட்சம் பேரை அது உள்ளடக்கியது. தொழிலாளியும் தொழில்தருநரும் தலைக்கு 2½ பென்ஸ் செலுத்தினர்; அரசும் தன் பங்கைச் சேர்த்தது. ஐந்து வாரப் பங்களிப்புக்கு ஒரு வாரக் கொடுப்பனவு என்ற கணக்கில், ஆண்டொன்றுக்கு 15 வாரத்துக்கு மேற்படாது, வாரம் 7 சிலிங் வழங்கப்பட்டது.

இப்பணம் அறவிடப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. தொழில்தருநர் தபாலகத்தில் முத்திரைகளை வாங்கித் தொழிலாளியின் அட்டையில் வாரந்தோறும் ஒட்டினார். தொழிலாளியின் பங்கைக் கூலியிலிருந்து கழித்துக்கொண்டார். வேலை நீங்கும்போது அட்டை தொழிலாளியிடம் மீண்டது. வேலையிலிருந்து நீக்கப்படுவதை அட்டையைப் பெறுதல் எனக் குறிப்பிடும் வழக்கு ஆங்கிலத்தில் இதனாலேயே தோன்றியது. 1910 முதல் இயங்கிய தொழில் பரிமாற்று நிலையத்தில் வேலையற்றவன் பதிவு செய்துகொண்டு, ஒட்டப்பட்ட முத்திரைகளை ஆதாரமாகக் கொண்டு தன் கொடுப்பனவைக் கோரினான். அவனுடைய நற்குணத்துக்கு எவரும் சான்று பகர வேண்டியதில்லை, அட்டையே சான்றாயிற்று.

இவ்விடயத்தில் அன்று வர்த்தக அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. தன் குறையால், குடிப்பழக்கத்தால்கூட, வேலையிழந்தவனுக்குக் கொடுப்பனவை மறுக்க வேண்டுமென அதிகாரிகள் சிலர் வாதிட்டனர். பணம் செலுத்தியவனின் உரித்தை ஒழுக்க விசாரணையோடு கலத்தலாகாது என்பது சேர்ச்சிலின் வாதம். ஏழைகள் சட்டம் நல்ல ஏழை, தீய ஏழை எனப் பாகுபடுத்தியது. காப்புறுதியோ செலுத்தியவன், செலுத்தாதவன் என்று மட்டுமே பாகுபடுத்தியது. இம்மாற்றம் சிறிதன்று.

ஆயினும் இச்சட்டத்தை எதிர்த்தோர் இரு திசைகளிலும் இருந்தனர். வீட்டுப் பணியாளருக்காக முத்திரை ஒட்டுவதை எதிர்த்து எசமானிகளும் பணிப்பெண்களும் 1911 நவம்பரில் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் பெருங்கூட்டம் நடத்தினர். மறுபுறத்தில் பிலிப் சினோடன், ஜோர்ஜ் லான்ஸ்பரி முதலிய சமவுடைமைவாதிகளின் மறுப்பு ஆழமானது. வறியவனிடமிருந்தும் ஓரளவு வசதியுள்ள தொழிலாளியிடமிருந்தும் ஒரே தொகையை அறவிடுதல் தலைவரிக்கு ஒப்பாகும். வறுமையைப் போக்குஞ் செலவை வறியோரின் தலையிலேயே ஏற்றுவதாகும் என அவர்கள் வாதிட்டனர். தொழில்தருநர் செலுத்தும் பங்கும் ஈற்றில் கூலியைக் குறைப்பதன் மூலமோ விலையை உயர்த்துவதன் மூலமோ உழைப்போரையே சேரும் என்னும் ஐயமும் எழுந்தது. இக்கேள்விகள் இன்றளவும் முற்றாகத் தீர்ந்தனவல்ல.

முதலாம் உலகப் போரின் பின்னர் இம்முறை அதன் கடுஞ்சோதனையை எதிர்நோக்கியது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின்மைக் காப்புறுதியை ஒரு கோடிக்கும் அதிகமான தொழிலாளருக்கு விரிவுபடுத்தியது. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அதன் புறத்தே விடப்பட்டனர். அடுத்த ஆண்டிலேயே பெருமந்தம் தொடங்கி, வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. இருபதில் ஒருவருக்குச் சிறிது மேற்பட்டோரே வேலையற்றிருப்பர் என்ற கணிப்பின்மேல் எழுப்பப்பட்ட நிதி இதனைத் தாங்குமாறு அமைந்ததன்று. தம் பங்களிப்பின் அளவுக்குரிய வாரங்களைக் கடந்தோருக்கும் அரசு கொடுப்பனவை நீடித்தது, நிதி கடன்பட்டது. அத்துடன், உண்மையாகவே வேலை தேடுகின்றனர் என்பதைக் கோருவோரே நிரூபிக்க வேண்டுமென்ற விதியும் புகுந்தது. சேர்ச்சில் புறத்தே நிறுத்திய ஒழுக்க விசாரணை வேறொரு வாயிலால் மீண்டும் உட்புகுந்ததென்றே கொள்ளவேண்டும். அவ்விதி 1930 இல் நீக்கப்பட்டது. எனினும் அடுத்த ஆண்டு அதனினும் கொடியதொன்றைக் கொணர்ந்தது.

1931 ஆம் ஆண்டளவில் நிதியின் கடன் 10 கோடிப் பவுணைக் கடந்தது. வேலையின்மைக் கொடுப்பனவைப் பத்து வீதத்தாற் குறைப்பதா என்ற கேள்வியிலேயே றாம்சே மக்டொனால்ட் தலைமையிலான தொழிற்கட்சி அமைச்சரவை பிளவுண்டு, ஆகத்து மாதத்தில் வீழ்ந்தது. அதன் பின்வந்த தேசிய அரசாங்கம் ஆணுக்குரிய கொடுப்பனவை 17 சிலிங்கிலிருந்து 15 சிலிங் 3 பென்ஸாகக் குறைத்தது. காப்புறுதி உரித்து முடிவுற்றோர் வருமானச் சோதனைக்குள்ளாயினர். பொது உதவிக் குழுவின் அலுவலர் வீடு தேடி வந்து, மகனின் கூலி, மகளின் கூலி, முதிய தாயின் ஓய்வூதியம், சேமிப்பு ஆகிய அனைத்தையும் கணக்கிட்டனர். உழைக்கும் பிள்ளைகள் பெற்றோரின் கொடுப்பனவு குறையாதிருக்க வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. ஆண்டுக்கணக்கில் முத்திரை ஒட்டிய கப்பற்றொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும், தம் பாட்டனார் அஞ்சிய ஏழைகள் சட்டத்தின் நிழலில் மீண்டும் நின்றனர். 1932 இல் பசிநடைப் பேரணி இலண்டனை அடைந்தமையும், 1936 இல் ஜாரோ நகரத்துத் தொழிலாளர் இருநூறு பேர் வேலை கேட்டுத் தலைநகருக்கு நடந்தமையும் அவ்வாண்டுகளின் கசப்பைக் காட்டும் நிகழ்ச்சிகளாம்.

அக்கசப்பின் நினைவே 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைக்கு மக்கள் அளித்த வரவேற்பின் மூலமாகும். யுத்தத்தின் நடுவே வெளிவந்த இவ்வரச அறிக்கை, சுருக்கப் பதிப்பையும் சேர்த்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை என்பவற்றை ஐந்து அரக்கர்களாக அது உருவகித்தது. அனைவரும் ஒரே தொகையைச் செலுத்தி, ஒரே தொகையைக் கொடுப்பனவாகப் பெறுதல். அக்கொடுப்பனவு வாழ்வதற்குப் போதியதாக இருத்தல். வருமானச் சோதனையின்றி அதனை உரித்தாகப் பெறுதல் என்பன அதன் தூண்கள். இலவசமாக அளிக்கப்படுவதை மக்கள் விரும்பவில்லை, தாம் செலுத்தியதற்கு ஈடாகப் பெறுவதையே விரும்புகின்றனர் என்பது பெவரிட்ஜின் உறுதியான நம்பிக்கை. வருமானச் சோதனையை அனுபவித்த மக்களின் நெஞ்சறிந்து கூறப்பட்ட கருத்து அது.

தொழிற்கட்சி அரசாங்கம் இயற்றிய 1946 ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் 1948 யூலை 5 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் ஏழைகள் சட்டம் முடிவுற்றது. வேலை செய்யும் ஆண் வாரத்துக்கு 4 சிலிங் 11 பென்ஸ் செலுத்தினான். தனியாளின் ஓய்வூதியம் 26 சிலிங் ஆயிற்று.

இங்குதான் பலரும் அறியாத ஓர் உண்மை மறைந்துள்ளது. இருபதாண்டுக் காலத்தில் பங்களிப்புகள் திரளத் திரள ஓய்வூதியத்தைப் படிப்படியாக உயர்த்தலாம் என்பது பெவரிட்ஜின் திட்டம். ஆயின், இரு யுத்தங்களையும் பெருமந்தத்தையும் கடந்து முதுமையெய்திய தலைமுறையை இருபதாண்டு காத்திருக்கச் சொல்ல அரசாங்கம் துணியவில்லை. முன்னைய திட்டங்களின் கீழ்க் காப்புறுதி பெற்றிருந்தோருக்கு 1946 ஒக்டோபரிலேயே முழு ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அப்பணம் அவர்களுடைய முத்திரைகளால் திரண்டதன்று. அன்று உழைத்துக்கொண்டிருந்தோர் செலுத்தியது. எனவே தேசியக் காப்புறுதி நிதி, ஒவ்வொருவனும் தன் பணத்தை இட்டுவைத்துப் பின்னர் எடுக்கும் உண்டியல் அன்று. இன்று உழைப்போரிடமிருந்து பெறுவதை இன்று உழைக்க இயலாதோருக்கு அளிக்கும் வாய்க்கால் அது. தான் முதுமையுறும்போது அடுத்த தலைமுறை இதனைத் தனக்குச் செய்யும் என்ற நம்பிக்கையே பங்களிப்போன் பெறும் உண்மையான ஈடாகும். அவனுடைய அட்டை பணத்தைக் காக்கவில்லை. வாக்குறுதியைப் பதிவு செய்தது.

பெவரிட்ஜின் ஒரே தொகைக் கொள்கை நடைமுறையில் தன்னைத்தானே கட்டிக்கொண்டது. மிகக் குறைந்த கூலி பெறுவோனும் செலுத்தக்கூடியதாகப் பங்களிப்பு அமைய வேண்டியிருந்தமையால், கொடுப்பனவும் தாழ்ந்தே நின்றது. இலட்சக்கணக்கான முதியோர் வருமானச் சோதனையுடன் கூடிய தேசிய உதவியை மேலதிகமாக நாட நேர்ந்தது. 1961 இல் ஊதியத்துக்கேற்ற மேலதிகப் பங்களிப்பு அறிமுகமாகி, 1975 இல் ஊழியருக்குரிய முத்திரை முறை நீங்கி ஊதியத்தின் வீதமாகப் பங்களிப்பு அறவிடப்படலாயிற்று. பெண்களின் நிலையும் இவ்வகையில் ஆராயத்தக்கது. மணமான பெண் கணவனின் பங்களிப்பைச் சார்ந்தவளாகவே 1946 ஆம் ஆண்டுச் சட்டம் கருதியது. குறைந்த பங்களிப்புச் செலுத்தித் தனியுரித்தைக் கைவிடும் தெரிவு 1977 வரை புதிதாக அளிக்கப்பட்டு வந்தது. பிள்ளை வளர்த்தலும் முதியோரைப் பேணலும் கூலியற்ற உழைப்பாதலின், அட்டையில் அவற்றுக்கு முத்திரை இல்லை. 1978 இல் தொடங்கிய பாதுகாப்பு ஏற்பாடே அவ்வாண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் ஓரளவு ஏற்றுக்கொண்டது.

வாக்குறுதியின் அளவை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திடமே இருந்தது என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகளும் நிரூபித்தன. 1989 ஆம் ஆண்டுச் சட்டம் நிதிக்குத் திறைசேரி அளித்து வந்த வழமையான பங்கை ஒழித்தது. 1996 இல் பங்களிப்பின் அடிப்படையிலான வேலையின்மைக் கொடுப்பனவின் காலம் ஓராண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைந்தது. பெண்களின் ஓய்வூதிய வயது 60 இலிருந்து படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2020 இல் இரு பாலாருக்கும் 66 ஆயிற்று. செலுத்தியோர் செலுத்திய பின்னரே இவை நிகழ்ந்தன.

இத்தகைய வாக்குறுதியிலும், தன் பெயரில் திரண்டிருக்கும் சேமிப்பே பாதுகாப்பானதன்றோ என்ற வினா எழலாம். அதனை ஆராய இலங்கையின் அனுபவம் உதவும். இங்கு அரச ஊழியர் பலர் பொது வருமானத்திலிருந்து ஓய்வூதியம் பெற்று வந்துள்ளனர். ஏனைய ஊழியர்க்கென 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி காப்புறுதி அன்று, கட்டாயச் சேமிப்பாகும். ஊழியர் ஊதியத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த, அத்தொகை வட்டியுடன் ஊழியரின் தனிக்கணக்கிற் சேர்கின்றது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனை மொத்தமாகப் பெறலாம். தோட்டத் தொழிலாளி முதல் அலுவலக எழுதுவினைஞர் வரை பலரின் முதுமைக்கு இதுவே ஊன்றுகோல். ஆயின் இங்கே இடர் பகிரப்படுவதில்லை. நெடுநாள் வாழ்பவனின் பணம் அவன் வாழ்நாளுக்கு முன் முடியலாம். குறைந்த கூலி பெற்றவனின் கணக்கும் சிறிதாகவே இருக்கும். மேலும், இந்நிதியின் பெரும்பகுதி அரச பிணையங்களிலேயே முதலிடப்பட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது சேமிப்பின் பெறுமதி தேய்ந்தது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் கீழ், நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. திரட்டி வைத்த செல்வமும் ஈற்றில் அரசின் வாக்குறுதியையே சார்ந்துள்ளது என்பதை இது புலப்படுத்தும்.

ஆகவே, பங்களிப்பு உழைப்பாளிக்கு எதனை ஈட்டித் தந்தது எனில், பணத்தை அன்று, கேட்கும் நிலையை எனலாம். இரந்து நின்றவன் தன் அட்டையைக் காட்டிக் கேட்பவனானான். 1834 க்கும் 1948 க்கும் இடையே பிரித்தானிய உழைப்பாளி கடந்த தூரம் அதுவே. ஆனால் அந்நிலை தானே நிலைத்து நிற்பதன்று. வாக்குறுதியை அளித்த சமுதாயம் அதனை மறக்க முற்பட்டபோது, முத்திரை ஒட்டிய அட்டை 1931 இல் எவரையும் காக்கவில்லை. அதனை நினைவூட்டி மக்கள் எழுந்தபோதே 1948 சாத்தியமாயிற்று. கூலியற்று உழைப்போரும் நிரந்தரத் தொழிலற்றோரும் அவ்வாக்குறுதியின் புறத்தே நிற்கும் வரை, அவ்வரலாறு நிறைவுற்றதென்று கொள்ளுதற்கில்லை.